டிராகனுக்குத் தீனி யார் போடுவது?

டிராகன் கதையைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “உங்கள் டிராகன் இன்று காலையில் என்ன சாப்பிட்டது?” பெரும்பாலும் பதில் வராது. யானையைக் கட்டித் தீனி போடுவதே பெரும்பாடு என்று சொல்லும் ஊர் நம்முடையது. அதைவிடப் பெரிய உயிரைச் செலவில்லாமல் வளர்க்க முடியுமா? இளையோர் நாவல் எழுதப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. தீனியில் தொடங்குங்கள். ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் உலகத்து டிராகன்கள் நினைத்தபோதெல்லாம் நெருப்பைக் கக்கிவிடாது. ஒரு வகைக் கல்லை மென்று விழுங்கினால்தான் நெருப்பு வரும். அந்தக் கல்லை மூட்டை கட்ட ஆள் வேண்டும். மூட்டை கட்டும் பையன்கள் வந்துவிட்டால், பின்னாலேயே ஓர் ஊரும் கதைக்குள் வந்துவிடும்.

2. எடையை மறக்காதீர்கள். டைனோசர் காலத்தில் பறந்த கெட்சல்கோட்லஸ் என்ற ஊர்வனவுக்கே இறக்கை விரிப்பு ஏறத்தாழ 10 மீட்டர். அதைவிடப் பெரிய உங்கள் டிராகன் ஓட்டு வீட்டின் மேல் வந்து உட்கார்ந்தால் நாலு ஓடாவது உடைய வேண்டும். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் இன்னும் நல்லது.

3. பேசவிட்டால் குணமும் கொடுங்கள். 1937-இல் டோல்கீன் படைத்த ஸ்மாக் என்ற டிராகன், மலையளவு புதையலில் ஒரே ஒரு கிண்ணம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் புகழ்ந்தால் மயங்கிவிடும். பெருமையாக மார்பைக் காட்டப்போய், கவசமில்லாத இடத்தையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது. பிற்பாடு அம்பு பாய்வது அங்கேதான். கஞ்சத்தனம், தற்பெருமை இரண்டையும் படிக்கும்போது நம் சொந்தக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். எழுத்து அப்படி இருக்க வேண்டும்.

4. முட்டை பொரிவதில் அவசரப்படாதீர்கள். ஒரு மாணவி “முட்டை உடைந்து டிராகன் வெளியே வந்தது” என்று ஒரே வரியில் முடித்திருந்தாள். கோழிக்குஞ்சு பொரிவதைப் பார்த்திருக்கிறாயா என்றேன். பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறாளாம். திருப்பி எழுதி வந்தாள்: ஓட்டில் முதலில் ஒரு சின்ன விரிசல், உள்ளிருந்து கீச்சுச் சத்தம், பாதியில் களைத்துப்போய் வெகுநேரம் அசைவே இல்லை, மறுபடி ஒரு கொத்து. பக்கத்தில் காத்திருக்கும் சிறுவனுக்கு உதவக் கை துறுதுறுக்கிறது. உதவினால் செத்துவிடுமோ என்று பயம். டிராகன் அந்தப் பக்கத்தில்தான் பிறந்தது.

5. பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வையுங்கள். உர்சுலா லெ குவினின் 1968 நாவலில், இளைஞன் கெட் ஒரு கிழட்டு டிராகனின் உண்மைப் பெயரைச் சொல்லி அதை மடக்குகிறான். அவனைத் துரத்தும் நிழலின் பெயரைச் சொல்வதாக டிராகன் ஆசை காட்டுகிறது. அவன் உயிர் பிழைக்க அந்தப் பெயர் வேண்டும். ஆனால் தீவு மக்களைத் தொடமாட்டேன் என்ற சத்தியத்தைத்தான் அவன் கேட்டு வாங்குகிறான். இளையோர் நாவலுக்கு உயிர் இந்த இடம். பறப்பது, எரிப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

6. வம்சம் தெரிந்து எழுதுங்கள். ஐரோப்பிய டிராகன் புதையல் காக்கும். சீனத்து டிராகன் மழைக்கும் நீருக்கும் உரியது. பெரும்பாலும் இறக்கை இல்லாமலே பறக்கும். நம் கோயில் தூணில் நிற்கும் யாளி வேறு பிறவி. டிராகனுக்கு யாளி என்று பெயர் சூட்டிவிட்டால் தமிழ்க் கதை ஆகிவிடாது. யாளியை எழுத ஆசையென்றால் யாளியையே எழுதுங்கள்.

7. திருத்த அலுத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்டோபர் பாவ்லினி ‘எரகான்’ என்ற டிராகன் நாவலை எழுதத் தொடங்கியது 15 வயதில் என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஒரு வருடத்தில் எழுதியதை மறு வருடம் முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதினார் என்பதைச் சொல்பவர் குறைவு. 2002-இல் பெற்றோரே அதை அச்சிட்டார்கள். பள்ளி பள்ளியாகப் போய் அவரே பேசி விற்றார். பெரிய பதிப்பகம் வந்தது 2003-இல்.

எழுதி முடித்ததும் கொண்டுவாருங்கள். முதல் கேள்வியைத்தான் திரும்பவும் கேட்பேன். வாயால் பதில் சொல்ல வேண்டாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் போதும்.