கும்மி வட்டத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி
(ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் கட்டுரை)

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். ஆட நன்றாகத் தெரிந்த ஒருத்திக்கே கூடம் கோணலாகத் தெரிந்த கதை ஒன்று எங்களிடம் உண்டு. கொல்லிமலைச் சுற்றுலாவில் நாங்கள் கண்டதும் கற்றதுமே இக்கட்டுரை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் ஏற வேண்டும். எண்ணிக்கொண்டே போவோம் என்று தொடங்கிய எங்களில் பலர் முப்பதாம் வளைவிலேயே தலை சுற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டோம். மேலே சென்றதும் குளிர்ந்த காற்றும், மிளகுக்கொடி படர்ந்த மரங்களும், காப்பித் தோட்டங்களும், அன்னாசியும் பலாவும் குவிந்த செம்மேட்டுக் கடைகளும் எங்களை வரவேற்றன. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் பெயரால் ஆடி மாதத்தில் ஆண்டுதோறும் அரசு விழா எடுக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கையைக் கண்டோம். ஏறி வரும்போது கால்கள் கெஞ்சின. ஆயினும் அன்றிரவு நாங்கள் தங்கிய இடத்தின் முற்றத்தில் தீ மூட்டி, அவ்வூர்ப் பெண்களோடு கும்மியடிக்க அழைத்தபோது எவரும் மறுக்கவில்லை.

எங்கள் வகுப்பில் கும்மிக்கு முதல் அடி எடுத்து வைப்பவள் ஒருத்தி. அவள் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மூக்குக் கண்ணாடி அணிபவள். வட்டம் கூடும் வேளையில் யாரோ விளையாட்டாக, "சோடாப்புட்டி வருது, வழி விடுங்கடி" என்றார்கள். சொன்னவளும் எங்களில் ஒருத்திதான். அவள் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு வட்டத்திற்குள் வந்தாள். இரண்டாவது சுற்றில் குனிந்து கைதட்டும்போது அடுத்தவளின் தோளில் இடித்தாள். மூன்றாவது சுற்றில் மறுபக்கம் திரும்ப வேண்டிய அடியைக் காணாமல் எதிர்த்திசையில் சென்று ஒரு கல்லில் கால் இடறி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. வலியைவிட வெட்கமே அதிகம். "தரை மேடு பள்ளம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அதுதான் எங்கள் கோணல் கூடம்!

கண் செய்யும் கணக்கு

மறுநாள் காலை எங்கள் சிஸ்டர் இந்நிகழ்ச்சியையே பாடமாக்கினார்கள். கிட்டப்பார்வை என்பது கண்ணின் குற்றமன்று. பெரும்பாலும் அதன் நீளம். விழிக்கோளம் சற்றே நீண்டுவிட்டால், தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குழி வில்லை ஒளிக்கதிர்களைச் சிறிது விரித்து அனுப்பிப் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளி விழித்திரையில் சேர்க்கிறது. கண்ணாடியின் வேலை இவ்வளவே.

எங்கள் தோழியின் கண்ணாடி மைனஸ் 2 டையாப்டர். 1 மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெளிவாகத் தெரியும் எல்லை கிடைக்கும். 1 ÷ 2 = அரை மீட்டர்; அதாவது 50 சென்டிமீட்டர். மைனஸ் 4 ஆயின் 25 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல்.

இனி, கும்மி வட்டத்தை அளப்போம். அன்று ஆடியவர் 12 பேர். ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் இடையே 1 மீட்டர் என்று கொண்டால் வட்டத்தின் சுற்றளவு 12 மீட்டர். அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 3.8 மீட்டர். எதிரே ஆடுபவளின் கை எப்போது உயர்கிறது, கால் எப்போது திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் நாம் அடி மாற்றுகிறோம். அரை மீட்டர் மட்டுமே தெளிவாகக் காணும் கண்ணுக்கு 3.8 மீட்டருக்கு அப்பாலுள்ள கை, தீயின் முன் அசையும் நிழல்தான். பக்கத்தில் நிற்பவளின் முகங்கூடத் தெளிவின் எல்லைக்கு வெளியே! அவள் விழுந்ததற்குத் தரை காரணமன்று, அவளும் காரணமன்று. கண்ணாடியைக் கழற்ற வைத்த எங்கள் ஒற்றைச் சொல்லே காரணம் என்பதைக் கரும்பலகை இல்லாமலே கணக்குப் போட்டு உணர்ந்தோம்.

முறத்தில் கிடந்த கற்கள்

அந்தக் காலையிலேயே இன்னொரு பாடமும் காத்திருந்தது. வாசலில் ஒரு பாட்டி முறத்தில் சாமை அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தைக் கை நீளத்திற்குத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதும், பிறகு விரலால் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார். எங்கள் தோழியைக் கண்டதும், "ஏன் பாப்பா, ராத்திரி கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஆடுன? அது இல்லாம உனக்குத் தெரியுமா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க, குடு பாக்கலாம்" என்று வாங்கி மாட்டிப் பார்த்த பாட்டி, "ஒண்ணுமே தெரியலையே கண்ணு!" என்று சிரித்தார்.

சிஸ்டர் தம்முடைய வாசிப்புக் கண்ணாடியை எடுத்துப் பாட்டிக்கு அணிவித்தார்கள். பாட்டி முறத்தை அருகில் இழுத்துப் பார்த்தார். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அடேயப்பா, இத்தனை கல்லா கெடக்குது! இத்தனை நாளு இதையா ஆக்கிப் போட்டேன்?" என்றார்.

பாட்டிக்கு இருப்பது வெள்ளெழுத்து. நாற்பது வயதிற்கு மேல் கண்ணிலுள்ள வில்லை நெகிழ்ச்சி குறைந்து, அருகிலுள்ளதைக் குவித்துக் காட்ட இயலாமற் போகிறது. அதற்குக் குவி வில்லை வேண்டும். ஆகவேதான் எங்கள் தோழியின் குழி வில்லை அவருக்குப் பயன்படவில்லை. ஒருவருக்கு ஒளி தருவது மற்றவருக்கு இருளாகலாம். பிறர் கண்ணாடியை வாங்கி அணியக் கூடாது என்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட பார்வை அறிக்கையின்படி, கண்ணாடி கிடைக்காததால் அருகிலுள்ளதைச் சரியாகக் காண இயலாதவர்கள் உலகில் ஏறத்தாழ 82 கோடிப் பேர். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதிற்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் அதன் முடிவு வெளியானது. வாசிப்புக் கண்ணாடி உடனே பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதல் வேலைத்திறன் காட்டினர். கண்ணாடி ஒன்றுதான் வேறுபாடு. நாம் வெட்கப்பட்டுத் திண்ணையில் வைக்கும் பொருள், கிடைத்தால் போதும் என்று கோடிக்கணக்கானோர் ஏங்க வேண்டிய பொருளாக இருக்கிறது!

கண்ணாடியின் கதை

கண்ணாடி ஏறத்தாழ 1286ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டில் தோன்றியது. சாமிநாதர் சபைத் துறவியான பீசா நகர ஜோர்தானோ 1306இல் ஆற்றிய மறையுரை ஒன்றில், இக்கலை தோன்றி இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று குறிப்பிட்டு அதனைப் புகழ்ந்தார். அதே சபையைச் சேர்ந்த அலெசாந்திரோ தெல்லா ஸ்பீனா என்னும் துறவி, கண்ணாடி செய்யும் முறையைத் தாமே கண்டறிந்து, மறைத்து வைக்காமல் மகிழ்ச்சியோடு பலருக்கும் வழங்கினார் என்று அவரது மடத்தின் குறிப்பு கூறுகிறது.

1352இல் த்ரெவீசோ நகர மடத்துச் சுவரில் தொம்மாசோ என்னும் ஓவியர், கர்தினால் ஹியூ கண்ணாடி அணிந்து எழுதுவதுபோல் தீட்டினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கர்தினால் 1263இலேயே இறந்துவிட்டார். கண்ணாடியே இல்லாத காலத்தில் வாழ்ந்தவருக்குக் கண்ணாடி அணிவித்துக் காட்டினால் அறிவாளியாகத் தோன்றுவார் என்று ஓவியர் நினைத்தார் போலும். அன்று மதிப்பின் அடையாளமாக விளங்கியது இன்று கேலிக்கு ஆளாவானேன்? மாறியது கண்ணாடியன்று, பார்ப்பவர் மனமே.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்னும் உளவியலறிஞரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தனர். 2000ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. ஒரு மாணவரை வெட்கம் தரும் படம் அச்சிட்ட சட்டையை அணியச் செய்து, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டதற்கு, ஏறத்தாழ பாதிப்பேர் என்றனர் சட்டை அணிந்தவர்கள். உண்மையில் கவனித்தவர் கால்வாசிப் பேர்தாம். மற்றவர்கள் தத்தம் வேலையில் இருந்தார்கள்.

கும்மி வட்டத்திலும் அப்படியே. ஒவ்வொருத்தியும் தன் தாளத்தையும் தன் அடியையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி அணிந்தவளை எவரும் நெடுநேரம் பார்ப்பதில்லை. தவறான பக்கம் திரும்பியவளைத்தான் பார்க்கிறார்கள்!

முகக்கண்ணாடி இல்லாத வீடு

சங்கப் புலவர்கள் பெண்ணின் அழகிற்குக் கொல்லிப்பாவையை உவமை கூறினார்கள். அழகுக்குப் பெயர்பெற்ற அதே மலையில், அண்மைக் காலத்தில் வேறொரு பெண்மணி வாழ்ந்தார். அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். லண்டனில் ஓவியம் பயின்ற இவர், கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் கொல்லிமலையில் குடியேறி மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் அளித்தார். 1929இல் கணவர் கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். முதுமையில் சபை ஓய்வளித்த பிறகும் ஈவ்லின் அம்மையார் மலைமக்களுக்குத் தொண்டு செய்வதை விடவில்லை. குதிரைக் குட்டியின்மீது ஏறி ஊர் ஊராகச் சென்றார். தொண்ணூற்றைந்து வயதில் 1974இல் காலமான அவரை இம்மலையிலேயே அடக்கம் செய்தனர். 1914இல் பிறந்த அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார்.

அவர் தம் தாயைப்பற்றி எழுதிய செய்தி ஒன்று எங்கள் நெஞ்சில் பதிந்தது. வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டுகள் அம்மையார் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். வெயிலும் காய்ச்சலும் உழைப்பும் சுருக்கம் விழச் செய்த முகத்தை அவர் பார்த்து வருந்த விரும்பவில்லை. ஆனால் மலைவாழ் மக்கள் அந்த முகத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். அவர் விட்டது முகம் பார்க்கும் கண்ணாடியை. நாம் கழற்றியதோ உலகைப் பார்க்கும் கண்ணாடியை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை அவரிடமிருந்து கற்றோம்.

ஆடும்போது நினைவில் கொள்க

கண்ணாடியோடு ஆடுவதில் இடையூறுகள் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவற்றிற்கு வழிகளும் உண்டு.

1. வியர்வையால் மூக்கின்மேல் வழுக்கும். கடையில் காதுக் கம்பியையும் மூக்குத் தாங்கியையும் சரிசெய்து கொள்ளலாம். பின்னால் கட்டும் நெகிழ் கயிறும் கிடைக்கிறது, கூந்தலுக்குள் மறைந்துவிடும்.

2. மலைக்குளிரில் வில்லை மங்கும். குளிர்ந்த வில்லையில் நம் மூச்சின் ஈரம் படிவதே காரணம். சிறிது சோப்பு நீர் தடவி உலரவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் மங்கல் குறையும்.

3. பிளாஸ்டிக் வில்லை, அதே அளவுள்ள கண்ணாடி வில்லையில் ஏறத்தாழ பாதி எடைதான். கோலாட்டம், பந்து விளையாட்டு ஆகியவற்றிற்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லை பாதுகாப்பானது.

4. புதுக் கண்ணாடி அணிந்த சில நாள் தரை ஏறி இறங்குவதுபோல் தோன்றலாம். மூளை பழகிக்கொள்ளும். அதுவரை சுழன்றாடுவதைத் தள்ளிப் போடுங்கள்.

5. கண்ணாடி அணிந்தால் பவர் ஏறும் என்பது தவறான எண்ணம். வளரும் வயதில் விழிக்கோளம் வளர்வதால் எண் கூடலாம். ஆண்டுக்கொருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்வது நலம்.

பெற்றோர்களே, "பொண்ணுக்குக் கண்ணாடி வந்துருச்சே" என்று பிறர் முன்னிலையில் வருந்தாதீர்கள். கரும்பலகை தெரியவில்லை என்பதைச் சொல்லத் தயங்கிப் பின்தங்கும் பிள்ளைகள் உண்டு.

முடிவாக

அன்று மாலை புறப்படுமுன் மறுபடியும் கும்மி வட்டம் கூடியது. கேலி செய்தவளே திண்ணைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துத் தன் தாவணி முனையால் துடைத்துத் தோழியின் கையில் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை, தேவைப்படவுமில்லை. முதல் அடியை எங்கள் தோழியே எடுத்து வைத்தாள். வட்டம் கலையவில்லை.

சிஸ்டரின் வாசிப்புக் கண்ணாடி மலையிலேயே தங்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் செபப் புத்தகத்தைக் கை நீளத்திற்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "செபமாலைக்குக் கண்ணாடி வேண்டாமே, பிள்ளைகளே!" என்றார்கள். எழுபது வளைவுகளும் இறங்கும்வரை நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தோம். மேலே ஒரு முறத்தில் கற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு நிறைவாக இருந்தது.