காற்றில் பறந்த திரை



பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நாம் போடும் சண்டை கொஞ்சமா? ஜன்னலே இல்லாத ஒரு பள்ளி பஸ்ஸைப் பற்றிப் படித்தேன், சொல்கிறேன்.

பேகம் ரொக்கேயா 1880-ல், இன்றைய வங்காளதேசத்திலுள்ள பைராபந்து கிராமத்தில் பிறந்தார். பெண்பிள்ளைக்கு வங்காளமும் ஆங்கிலமும் எதற்கு என்ற வீடு. எல்லோரும் தூங்கிய பிறகு அண்ணன்தான் விளக்கு வைத்துச் சொல்லிக் கொடுத்தார். (அண்ணன்மாரே, கவனிங்க!)

கணவர் இறந்த பின், அவர் ஒதுக்கி வைத்த பணத்தில் முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 1911-ல் கொல்கத்தாவில் 8 பேர்தான் மாணவிகள்.

மாணவிகளை அழைத்து வந்த மோட்டார் பஸ்ஸை பர்தாவுக்காக முழுக்க மூடியிருந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு, புழுக்கம். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். சரியென்று பக்கவாட்டில் திறந்து திரை போட்டால், கண்டனக் கடிதம் வந்துவிட்டது. காற்றில் திரை பறக்கிறதாம்!

ரொக்கேயா பர்தா அணிந்தவர்தான். கல்வி ஆண், பெண் இருவருக்கும் கடமை என்று மார்க்கமே சொல்கிறது என்றுதான் வாதாடினார். மூச்சு முட்ட அடைத்து வைப்பதை எதிர்த்தார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

1932 டிசம்பர் 9-ல் இறந்தார். அந்தப் பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.