லினக்ஸில் சிக்கலா? உதவி கேட்பதற்குச் சில குறிப்புகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்ப மனமில்லாதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் என்று ஏதோ ஒன்றை நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மறுநாள் பிரிண்டர் ஓடவில்லை என்றால் யாரைக் கேட்பது? விற்ற கடைக்காரர் கையை விரிப்பார். வாடிக்கையாளர் சேவை எண் என்று ஒன்றும் கிடையாது.

சம்பளம் வாங்காமல் பதில் சொல்லும் மனிதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சின்கி மாணவர், தான் எழுதிவரும் இயங்குதளத்தில் என்னென்ன இருந்தால் நல்லது என்று மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரிடம் கேட்டு எழுதினார். லினக்ஸை உலகம் அறிந்ததே அப்படி ஒருவர் கேட்டதால்தான். ஆகவே கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். எதிரில் இருப்பவரால் உங்கள் திரையைப் பார்க்க முடியாது, நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் அவர் யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கீழே உள்ள குறிப்புகள் எல்லாமே அதற்காகத்தான்.

1. "லினக்ஸ் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வழங்கல் (மின்ட்டா, உபுண்டுவா, டெபியனா), எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். உபுண்டுவின் எண்ணிலேயே அது வெளிவந்த மாதம் இருக்கிறது: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு 9 மாதம்தான். காலம் முடிந்த பதிப்பைப் பற்றிக் கேட்டால், "முதலில் புதியதற்கு மாறுங்கள்" என்ற பதில்தான் வரும். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, பழையதைச் சோதித்துப் பார்க்க அவர்களிடமும் அது இருக்காது.

2. கணினியின் உள்விவரங்களை ஒரே அடியில் எடுக்க 'இன்க்ஸி' என்ற கட்டளை இருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உபுண்டுவிலும் மின்ட்டிலும் கட்டளைகளை அடிப்பதற்கான டெர்மினல் திறக்கும். அங்கே இன்க்ஸி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியுடன் பெரிய எஃப், சிறிய எக்ஸ், சிறிய இசட் சேருங்கள். கடைசியில் உள்ள இசட்டை விட்டுவிடாதீர்கள். வரிசை எண், நெட்வொர்க் முகவரி போன்றவற்றை மறைப்பது அதுதான். மின்ட்டில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' (புதிய பதிப்பில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்') என்ற செயலியே இந்த விவரங்களைத் திரட்டித் தரும்.

3. பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் நகலெடுங்கள். "ஏதோ எரர் வருது" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி. ஷிஃப்டை விட்டுவிட்டால் ஓடும் கட்டளை நின்றுவிடும். படமாக அனுப்பினால் அதிலுள்ள சொற்களைத் தேட முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது. திரையே கறுப்பாகி நின்றுவிட்டால் மட்டும் போனில் படம் பிடியுங்கள், முழுத்திரையும் தெரியும்படி, கை ஆடாமல்.

4. கணினியைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு: பிழைச்செய்தியும் தமிழில் வந்தால், அதை வைத்துத் தேடும்போது தீர்வு கிடைப்பது அரிது. மொழியை மாற்ற வேண்டியதில்லை. கட்டளைக்கு முன்னால் பெரிய எழுத்தில் எல், சி, அடிக்கோடு, ஏ, எல், எல், சமக்குறி, சி என்று சேர்த்து, இடைவெளி விட்டுக் கட்டளையை அடியுங்கள். அந்த ஒரு முறை மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும். சிறிய உத்திதான், ஆனால் மிகப் பயனுள்ளது.

5. கேட்பதற்கு முன் அந்தச் செய்தியை அப்படியே தேடிப் பாருங்கள். அதில் உங்கள் பயனர் பெயரோ கோப்பின் பெயரோ இருந்தால் நீக்கிவிட்டுத் தேட வேண்டும். கிடைக்கும் பதிலின் தேதியைப் பார்க்காமல் செய்து பார்க்காதீர்கள். 2012-இல் சரியாக இருந்த வழி இன்று கணினியைக் கெடுத்துவிடலாம். ஆர்ச் விக்கி ஆர்ச் லினக்ஸுக்காக எழுதப்பட்டது என்றாலும், வேறு வழங்கல் வைத்திருப்பவர்களும் அங்கே போய்ப் படிப்பதுண்டு, அவ்வளவு தெளிவு. இணையமே இல்லாதபோது 'மேன்' என்று அடித்து இடைவெளி விட்டுக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் கையேடு திறக்கும். வெளியே வர க்யூ.

6. வைஃபையே வேலை செய்யவில்லை என்றால் உதவி தேடுவது எப்படி? ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கணினியில் செருகி, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். வீட்டு வைஃபையைப் போன் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் என்பதால் டேட்டாவும் செலவாகாது. கேபிள் மட்டும் தரவு கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

வைஃபை பற்றிக் கேட்கும்போது லேப்டாப்பின் மாடலைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு சில்லுகள் வருவதுண்டு. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையுடன் இடைவெளி விட்டு, கழித்தல் குறி, சிறிய 'என்' எழுத்து இரண்டு சேர்த்தால், நெட்வொர்க் வரியில் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஓர் அடையாளம் வரும். தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அந்தச் சில்லை இயக்கத் தேவையான எந்த ஃபர்ம்வேர் இல்லை என்று சொல்வார்கள். டெபியனில் முன்பு இந்தத் தொல்லை அதிகம். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், தனியுரிம ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

7. முழுச் சிக்கலையும் சொல்லுங்கள், நீங்களாக முடிவு செய்த தீர்வை மட்டும் கேட்காதீர்கள். அனுபவசாலிகள் எரிச்சல் அடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருவர், "எல்லா ஃபோல்டருக்கும் 777 அனுமதி கொடுப்பது எப்படி?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், இயக்கலாம். அவருக்கு உண்மையில் என்ன பிரச்சினை? விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், டி டிரைவில் கோப்பைச் சேமிக்க முடியவில்லை. அதற்கு அனுமதி காரணமே இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். எழுதினால் தரவு கெடும் என்பதால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்தினால் தீர்ந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் யாராவது பதில் சொல்லி, இவரும் அதை முழுக் கணினிக்கும் செய்திருந்தால் மறுபடி நிறுவத்தான் வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்று வரி எழுதுங்கள்: என்ன செய்ய நினைத்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது. கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் சேருங்கள். "நான் எதையுமே தொடலை" என்று தோன்றும். முந்தைய நாள் அப்டேட் ஆகியிருந்தால் அதுவும் மாற்றம்தான்.

8. திடீரென்று உறைந்து நின்றுவிடுகிறதா? நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் இயக்கியபின், ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளையோடு கழித்தல் குறி பி, இடைவெளி, கழித்தல் குறி 1 என்று கொடுத்தால் முந்தைய இயக்கத்தின் பதிவுகள் வரும். கடைசிச் சில நிமிட வரிகளை மட்டும் எடுத்து அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டினால் படிக்க ஆள் இருக்காது. அனுப்பும் முன் உங்கள் பெயர், வைஃபை பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

9. கேட்கும் இடம் சரியாக இருக்கட்டும். மின்ட் வைத்திருப்பவர் மின்ட்காரர்களிடமே கேட்பது நல்லது. மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது, உபுண்டு டெபியனிலிருந்து வந்தது என்றாலும் உள்ளே மாற்றங்கள் உண்டு. வேறொரு வழங்கலின் மென்பொருள் களஞ்சியத்தைக் கொண்டுவந்து கலந்துவிடாதீர்கள். அப்படிக் கலந்த கணினியில் எது எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

10. தலைப்பில் சரக்கு இருக்கட்டும். "அவசரம், உதவுங்கள்" என்பதைக் கடந்து போய்விடுவார்கள். "மின்ட் 22: அப்டேட்டுக்குப் பின் ஹெச்டிஎம்ஐ வழியாக ஒலி வரவில்லை" என்று எழுதினால், ஒலி பற்றித் தெரிந்தவர் தானே வந்து நிற்பார்.

11. நேரம் பார்த்துக் கேளுங்கள். நமக்கு இரவு 8 மணி என்றால் ஐரோப்பாவில் பிற்பகல், அமெரிக்காவின் கிழக்கில் காலை. நம் காலை 9 மணிக்கு அங்கெல்லாம் பெரும்பாலும் உறக்கம். உடனடி உரையாடல் அறைகளில் கேட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியேறினால், பதில் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

12. வந்த பதிலை உடனே அடித்துவிடாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளை கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று மேன் பக்கத்தில் பாருங்கள், புரியாவிட்டால் சொன்னவரையே கேளுங்கள், நல்லவர் விளக்குவார். புதியவர்களை ஏமாற்றி எல்லாக் கோப்புகளையும் அழிக்க வைக்கும் கயவர்களும் இருக்கிறார்கள். தரவை அழிக்கக்கூடிய 'ஆர்எம்', 'டிடி' இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி அப்படியே சூடோவோடு ஓடவிடச் சொன்னாலும் நிதானியுங்கள். மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' இருக்கிறது. எதையும் மாற்றும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது சிஸ்டத்தைத்தான் காக்கும், உங்கள் குடும்பப் படங்களுக்குத் தனியே நகல் வேண்டும். "உங்கள் கணினியை நானே இயக்கிச் சரிசெய்கிறேன்" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

13. சில பதில்கள் வெடுக்கென்று இருக்கும். "கையேட்டைப் படி" என்று ஒரே வரி எழுதுவோர் உண்டு. அது எனக்கும் பிடிக்காது. புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் செயல் அது. ஆனால் கூடவே எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால் போய்ப் படித்துவிடுங்கள், அங்கே விடை இருக்கலாம். பதிலே வராவிட்டால் ஒருநாள் பொறுத்து, புதிதாக என்ன முயன்றீர்கள் என்பதைச் சேர்த்து அதே இடத்தில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கேட்டால், ஓரிடத்தில் தீர்ந்தது தெரியாமல் மற்ற இடங்களில் பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள்.

14. சரியானதும் எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். நீங்களே கண்டுபிடித்திருந்தாலும் கட்டாயம் எழுதுங்கள். "நன்றி, சரியாகிவிட்டது" என்று மட்டும் முடித்தால், அதே தொல்லையோடு அடுத்த ஆண்டு தேடி வருபவர் வெறுங்கையோடு திரும்புவார்.

15. தமிழ் எழுத்துச் சிக்கல்களைத் தமிழர்களிடம் கேளுங்கள். கொம்பு இடம் மாறி நிற்கிறது என்பது வெளிநாட்டு நண்பருக்குப் பார்த்தாலும் புரியாது. எந்தச் செயலி, எந்த எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகையா ஒலிபெயர்ப்பா, உள்ளீட்டு முறை ஐபஸ்ஸா வேறா என்று சொல்லுங்கள். அதே சொல்லை இன்னொரு செயலியில் அடித்துப் பாருங்கள்; அங்கே சரியாக வந்தால் கோளாறு முதல் செயலியில். பழைய கோப்பில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றினால் போதும்.

16. நேரில் கேட்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையின் ஐஎல்யூஜிசி 1998 முதல் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழு. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் குழுக்கள் உண்டு. தமிழிலேயே கேட்கலாம், அண்ணா, அக்கா என்று அழைத்தே கேட்கலாம். 2012-இல் தொடங்கிய 'கணியம்' இதழ் எளிய தமிழில் வெளியிட்ட லினக்ஸ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள். அதையொட்டி லினக்ஸை நிறுவிக்கொடுக்கும் முகாம்கள் நடப்பதுண்டு.

17. அப்படிப்பட்ட முகாமுக்குப் போகும்போது சார்ஜர், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென்டிரைவ், கோப்புகளின் நகல் உள்ள தனி வட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்னொன்றும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல கணினிகள் தாமாகவே வட்டைப் பூட்டிவைத்துவிடுகின்றன. அதைத் திறக்கும் 48 இலக்க பிட்லாக்கர் எண் அந்தக் கணக்கில்தான் இருக்கும். புறப்படும் முன் அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸை நிறுவுவதற்காகப் பயாஸ் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நின்றால், முகாமில் எத்தனை வல்லவர் இருந்தாலும் வேறு வழியில் திறந்துதர முடியாது.