அம்மாவின் பீரோவில் ஒரு கடிதம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. முதல்முறையாக ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். அம்மா இறந்தபின் வீட்டைக் காலி செய்ய வரும் மகள், கல்யாணத்துக்கு முன் அம்மா வேறு ஊரில் வேறு பெயரில் வாழ்ந்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில், நாற்பது வருடமாக வாய் திறக்காத அம்மா எழுதிவைத்த நீண்ட கடிதம் பீரோவில் கிடைக்கிறது. எல்லா முடிச்சும் அதில் அவிழ, மகள் அழுது அம்மாவை மன்னிக்கிறாள். படித்துப் பார்த்த இரண்டு தோழிகளும் “பாதியிலேயே தெரிந்துவிட்டது” என்கிறார்கள். ரகசியத்தை இன்னும் சாமர்த்தியமாக மறைப்பது எப்படி? வெளிநாட்டு சைக்கலாஜிகல் த்ரில்லர்களில் இதை எப்படிச் சாதிக்கிறார்கள்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தோழிகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வகை நாவலைக் கையில் எடுக்கிறவருக்கு, அம்மாவுக்கு ஒரு பழைய கதை உண்டு என்பது பின்னட்டையிலேயே தெரிந்துவிடும். என்ன கதை என்பதையும் கொஞ்ச தூரத்தில் ஊகித்துவிடுவார். அதற்காக யாரும் புத்தகத்தை மூடிவைப்பதில்லை. எனவே மறைக்கிற யோசனையை விடுங்கள்.

கோளாறு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நாற்பது வருடம் வாய் திறக்காதவள், நடந்ததையெல்லாம் வருடவாரியாகக் கோவையாக எழுதி, மகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டா சாவாள்? படிக்கிறவருக்கு அங்கே அம்மா தெரியமாட்டாள். நாவலை முடிக்க அவசரப்படும் நீங்கள்தான் தெரிவீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த உண்மையால் மகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவள் எதையும் இழக்கவில்லை, எதற்கும் பொறுப்பாளி இல்லை. தன் நாவலிலேயே விருந்தாளியாக வந்து போகிறாள்.

எலெனா ஃபெரான்டேயின் முதல் நாவலைத் தேடிப் படியுங்கள். இத்தாலிய மொழியில் 1992-ல் வந்த ‘லமோரே மொலெஸ்தோ’. ஆங்கிலத்தில் ஆன் கோல்ட்ஸ்டைன் மொழிபெயர்ப்பில் ‘ட்ரபிளிங் லவ்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கதை உங்களுடையதைப் போலவே தொடங்குகிறது. ரோமில் காமிக்ஸ் வரைந்து பிழைக்கும் டெலியாவைப் பார்க்க, நேப்பிள்ஸிலிருந்து ரயிலேறும் அம்மா அமாலியா வந்து சேரவில்லை. வழியிலிருந்து விசித்திரமான சில போன்கள் வருகின்றன, அவ்வளவுதான். பிறகு கடலில் பிணமாகக் கிடைக்கிறாள். இறந்தது மகளின் பிறந்தநாளன்று இரவு. உடம்பில் ஒரே ஒரு துணி: விலை உயர்ந்த புத்தம்புது பிரா. வாழ்நாள் முழுக்க வீட்டில் தையல் வேலை பார்த்து, ஒட்டுப்போட்ட பழைய உள்ளாடைகளையே உடுத்திய அம்மா அவள்.

அந்த பிராவை ஃபெரான்டே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அதற்கு விளக்கமே தருவதில்லை. டெலியா அது எந்தக் கடைச் சரக்கு என்று பார்த்து அங்கே போகிறாள். அம்மாவின் காலி வீட்டில் ஓர் ஆண் சட்டை அகப்படுகிறது. ஒரு பெட்டி நிறையப் புதுத் துணி வந்து சேர்கிறது. அத்தனையும் டெலியாவின் அளவு. அம்மாவின் அடையாள அட்டையில் இருக்கும் புகைப்படத்தில் யாரோ கைவைத்து, முகத்தை மகளின் முகம்போல மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் அம்மாவைப் பற்றிச் சொல்வதுபோல வந்து, மகளைச் சுட்டிக்காட்டி நிற்கிறது. நாவல் முழுக்க ஒரு கடிதம்கூட இந்த வேலையைச் செய்வதில்லை.

(நாவலைப் படிக்கப் போகிறவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.)

அம்மாவுக்கு கசெர்த்தா என்பவனோடு தொடர்பு இருந்தது என்று நம்பியே டெலியா வளர்ந்திருக்கிறாள். ஐந்து வயதில் அதைக் கண்ணால் பார்த்ததாக அப்பாவிடம் சொன்னதும் அவள்தான். அப்பா ஏற்கெனவே சந்தேகப் பேய். அம்மாவை அடித்து நொறுக்குகிறார், கசெர்த்தாவுக்கும் உதை விழுகிறது. கடைசியில்தான் டெலியாவுக்கு உறைக்கிறது. கசெர்த்தாவின் தகப்பன் ஒரு தின்பண்டக் கடைக்காரக் கிழவன். கடையின் நிலவறையில் அவன் தன்னிடம் செய்ததையும் சொன்னதையும்தான் அந்தக் குழந்தை அம்மாவின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறது. மறைந்து கிடந்த கடந்தகாலம் மகளுடையது. அமாலியா எப்படி இறந்தாள் என்பதைப் புத்தகம் தீர்மானமாகச் சொல்வதே இல்லை. நமக்கும் அது பெரிய குறையாகத் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு நியாயம் இருக்கிறது. கதை சொல்கிறவள் தனக்குத் தெரிந்ததை நம்மிடம் ஒளித்தால் அது ஏமாற்று வேலை. இன்று விற்கிற த்ரில்லர்களில் பாதி இந்த ஏமாற்றில்தான் வண்டி ஓட்டுகின்றன. டெலியா எதையும் ஒளிக்கவில்லை. அவள் தனக்குத்தானே பொய் சொல்லி, அந்தப் பொய்யையே நினைவாக வைத்திருக்கிறாள். மனசு அப்படிச் செய்யக்கூடியதுதான். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் செய்த சோதனையில் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்று சிலரிடம், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தோம் என்று சொன்னவர்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. வளர்ந்த மாணவர்களுக்கே இந்தக் கதி என்றால், பயந்துபோன ஐந்து வயதுக் குழந்தையைக் கேட்கவே வேண்டாம்.

கில்லியன் ஃப்ளின் 2006-ல் எழுதிய ‘ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ இதைவிட வேகமான சரக்கு, கொஞ்சம் கூச்சலும் கூட. அதிலும் பத்திரிகைக்காரி கமில் சொந்த ஊருக்குத் திரும்பும்போது, அம்மாவின் வீட்டில் பட்ட காயம் அவள் தோலிலேயே கீறிய சொற்களாக இருக்கிறது. சாட்சியம் பீரோவில் இல்லை; அதைத் தோலில் சுமந்துகொண்டேதான் அவள் ஊருக்குள் நுழைகிறாள்.

ஆகவே, கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். கடிதத்தில் உள்ள செய்திகளில் இரண்டு மூன்றைப் பொருள்களாக மாற்றுங்கள்: ஒரு ரசீது, அளவு சேராத ஒரு ரவிக்கை, பெயர் மாறிய ஒரு சான்றிதழ். சிலவற்றை, ஒன்றுக்கொன்று முரணாகப் பேசும் இரண்டு உறவினர்களின் வாயில் போடுங்கள். மிச்சம் ஒன்றிரண்டு தெரியாமலே போகட்டும், பரவாயில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அம்மாவின் ரகசியத்தில் மகளுக்கு என்ன பங்கு என்று கண்டுபிடியுங்கள். அது உங்கள் கதைக்குள்ளிருந்தே வரவேண்டும். ஃபெரான்டேயிடமிருந்து எடுத்தால் உங்கள் தோழிகள் அதையும் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். திருத்தியபின் அதே தோழிகளிடம் கொடுக்காதீர்கள். கதை தெரியாத புது ஆள் ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் மகள்மேல் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேளுங்கள்.