உழைப்பு எதற்காக?

கடின உழைப்பே மனித வாழ்வின் குறிக்கோள் என்று கிராமக் கூட்டங்களில் நானும் பேசியதுண்டு. ஒருமுறை ஒரு மூதாட்டி, "நாங்க என்னிக்குங்க சும்மா இருந்தோம்?" என்று வினவினார். விடை கூற இயலாது நின்றேன்.

செஞ்சியின் இராஜகிரியை நோக்குங்கள். சுமார் 800 அடி உயரக் குன்றின் மீது கல் சுமந்தோர் எத்துணை பேரோ! ஆயினும் 1690 முதல் நீடித்த முற்றுகையின் முடிவில், 1698இல் அக்கோட்டை மொகலாயர் வசமாயிற்று. ஏரிகளோ, எவர் ஆண்டபோதும் பயிருக்கு நீர் அளித்தன. ஆதலின் உழைப்பின் மதிப்பை அதன் பயனைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

நமது அரசியல் சட்டத்தின் 43ஆம் பிரிவும், விவசாயத் தொழிலாளர் உள்ளிட்ட அனைவருக்கும் வாழ்வுக்குப் போதிய ஊதியத்துடன் ஓய்வும் கிட்டச் செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது.

தொலைவிலிருந்து குடம் சுமக்கும் பெண்ணுக்கு உழைப்பின் பெருமையை உபதேசிப்பதால் பயனில்லை. தெருவில் குழாய் அமைத்தால், மிஞ்சும் நேரம் அவருடைய பிள்ளையின் படிப்புக்கு உதவும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! ஒவ்வொரு பணியையும் தொடங்குமுன், "இதனால் எவருடைய சுமை குறையும்?" என்று கேளுங்கள். உழைப்பு வழியாகும், நல்வாழ்வே நாம் சேர வேண்டிய ஊர்.