வேலி போடப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தோட்டத்து லயத்தை விட்டு ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்குக் குடிவந்ததையும், பின்பக்கத்துக்கு நீயே மரவேலி அடிக்கப் போவதையும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆணி வாங்குமுன் கணக்கைப் பார். 7 பேர்ச் சுமார் 1,900 சதுர அடி. சதுரக் காணியானால் ஒரு பக்கம் 44 அடி. பின்பக்கம் முழுவதும், இரு பக்கங்களிலும் பாதிப் பாதியும் என்றால் 88 அடி. ஆறடிக்கு ஒன்றாகப் பதினாறு கட்டைகள். வேலியின் ஆயுள் இந்தக் கட்டைகளில்தான் இருக்கிறது, பலகையில் அல்ல.

இறப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆசைப்படாதே. அதில் மாப்பொருள் அதிகம்; பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். தளபாடம் செய்கிறவர்கள் போரன் உப்பு ஏற்றிக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து போய்விடும். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். இங்கே எந்தக் கட்டையும் முதலில் உளுப்பது மண்மட்டத்தில்தான். காற்றும் ஈரமும் அங்கேதான் சேர்கின்றன. கறையானும் அங்கிருந்தே ஏறும்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: மண்ணுக்குள் உயிருள்ள மரம், மண்ணுக்கு மேலே காய்ந்த மரம்.

யாழ்ப்பாணத்தார் கதியால் நடுகிற மாதிரி, கிளிசிரிடியாக் கம்புகளை நடு. தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொழுகொம்பாகவும் நிற்கிற அதே மரம். முற்றிய கம்பை ஆறடிக்குச் சாய்வாக வெட்டி, அலவாங்கால் குழி போட்டு, ஏப்ரல் மழையோடு நட்டுவிடு. வேர் பிடிக்கும்வரை எதையும் கட்டி அசைக்காதே. ஆண்டுக் கடைசியில் கட்டினால் போதும்.

கம்புகளில் கட்டும் சலாகைக்குப் பாக்குமரம் நல்லது. பிளந்து, உள்சோற்றைச் செதுக்கிவிட்டு, வெளி வைரத்தை மட்டும் எடு. அடிமுனை மண்ணிலிருந்து நாலு விரல் உயர்ந்திருக்கட்டும். மேல்முனையைச் சாய்வாக வெட்டு, தண்ணீர் வழியும். உயிர்மரத்தில் ஆணி அடிக்காதே. கயிற்றால் கட்டி, ஆண்டுதோறும் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டு. கேற்றுக் கட்டைக்கு மட்டும் வைரமான காய்ந்த மரம் வேண்டும். பலா என்றால், தறிக்க அனுமதி தேவை. 1951ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

சரிவில் தண்ணீர் ஓடும் கானை மறித்து வேலி போடாதே, மண்வரம்பையும் வெட்டாதே. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைக் கேகாலை மாவட்டம் மறந்துவிடவில்லை. வேலி மலையைத் தாங்காது. தண்ணீருக்கு வழிவிட்டால் உன் வாசல் மண்ணாவது தங்கும்.

உயிர்வேலியில் ஒரு சங்கடம் உண்டு: அது வளரும். கொப்பு அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியில் நிழல் விழுத்தினால் சண்டை வரும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற நமக்கு இதை வெட்டுவது பெரிய வேலையா? வெட்டிய குழை இரு வீட்டுப் பாத்திக்கும் பசளை, ஆட்டுக்குத் தீனி.

காணி உறுதி கைக்கு வந்துவிட்டதா? இல்லையென்றால் தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கு. வேர்விட்ட வேலியைப் பிறகு நகர்த்த முடியாது. எல்லைக் கல்லைப் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து நின்று பார்த்து, நூல் பிடித்த பிறகே முதல் குழியைத் தோண்டு.

அன்புடன்,
உன் அண்ணன்