பழைய உயிர்காப்பு அங்கி: செப்பனிடுவதா, கழித்துவிடுவதா?

1904-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள். நியூயார்க் நகரின் கிழக்கு ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பல் உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சென்றது. ஏறத்தாழ 1300 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வழியில் கப்பல் தீப்பற்றிக் கொண்டது. தாய்மார்கள் உயிர்காப்பு அங்கிகளை எடுத்துக் குழந்தைகளுக்கு மாட்டி நீரில் இறக்கினார்கள். குழந்தைகள் மிதக்கவில்லை, மூழ்கினார்கள். அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த அங்கிகள் 1891-இல் கப்பல் கட்டப்பட்ட காலத்தில் வாங்கப்பட்டவை. பதின்மூன்று ஆண்டுகள் வெயிலிலும் ஈரத்திலும் தொங்கியதால் மேல்துணி இற்றுப்போயிருந்தது. உள்ளே இருந்த தக்கை பொடியாகிவிட்டிருந்தது. தக்கை மிதப்பதற்குக் காரணம் அதன் மூடிய சிற்றறைகளில் அடைபட்டிருக்கும் காற்று. பொடியான தக்கையில் நீர் புகுந்துவிட்டால் மிதப்பு ஏது? இதில் வியப்பு என்னவென்றால், விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தக் கப்பலை அரசாங்கச் சோதனையாளர் ஒருவர் பார்வையிட்டு, எல்லாம் சரியாக உள்ளன என்று சான்று அளித்திருந்தார்!

பார்ப்பது வேறு, சோதிப்பது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம்.

மூன்று அங்கிகள்

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் இப்போது வணிகக் கப்பலில் பொறியாளராக இருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். படகோடு மூன்று பழைய லைஃப் ஜாக்கெட்டுகளும் வந்தன. விடுமுறையில் அவற்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"சார், இதையெல்லாம் சர்வீஸ் பண்ணிப் போட்டுக்கலாமா, இல்லை புதுசாவே வாங்கிடணுமா? ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

"முடிவை நான் ஏன் சொல்லணும்? தராசு சொல்லட்டும், வெப்பமானி சொல்லட்டும். மேசை மேல வைப்பா" என்றேன்.

முதல் அங்கி ஆறு ஆண்டுப் பழையது. மேல் உறை வெளுத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. இரண்டாவது ஐந்து ஆண்டுப் பழையது. புதியது போலப் பளபளத்தது. மூன்றாவதன் வயது பதினான்கு. ஆனால் பெட்டியிலேயே இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை.

"எதைக் கழிப்பாய்?" என்று கேட்டேன். அவர் தயங்காமல் முதலாவதைக் காட்டினார். மாணவர்களே, நீங்களும் மனத்துக்குள் ஒரு விடை வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அங்கி எப்படி மிதக்க வைக்கிறது?

ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உங்களுக்குத் தெரிந்ததே. நீரில் அமிழ்ந்த பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. ஆகவே தலையை மட்டும் நீருக்கு மேலே நிறுத்தச் சுமார் 50 நியூட்டன் விசை போதும். ஆனால் நினைவிழந்து குப்புற விழுந்தவரை மல்லாக்கத் திருப்பி, அலைக்கு மேலே அவர் வாயை நிறுத்த வேண்டுமானால் அது போதாது. அதனால் கடலுக்குச் செல்வோர் அணியும் அங்கிகளில் 150 நியூட்டன் வகை பரவலாக உள்ளது.

150 நியூட்டன் என்பது ஏறத்தாழ 15.3 கிலோ நீரின் எடை. அதாவது அங்கி 15 லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை விலக்க வேண்டும். இதைத் தக்கையால் செய்தால் என்ன ஆகும்? தக்கையின் ஒப்படர்த்தி சுமார் 0.24. கணக்கிட்டுப் பாருங்கள்: 20 லிட்டர் தக்கை வேண்டும், அதன் எடையே ஏறக்குறைய 5 கிலோ! அதை அணிந்துகொண்டு பாய்மரக் கயிற்றை இழுக்க முடியுமா?

இதற்கு மாற்றாக வந்ததே காற்றுப்பை அங்கி. மடித்து வைத்திருக்கும்போது கழுத்துப் பட்டை போல ஒல்லியாக இருக்கும். நீரில் விழுந்ததும் உள்ளே இருக்கும் ஒரு சிறு எஃகுச் சிலிண்டரை ஊசி துளைக்கும். அதிலுள்ள கரியமில வாயு பாய்ந்து சில நொடிகளில் பையை உப்ப வைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தக்கை சும்மா இருந்தபடியே மிதக்கும். காற்றுப்பை அங்கியோ வேலை செய்தால்தான் மிதக்கும். அது ஒரு சட்டை அல்ல, ஓர் இயந்திரம். அதன் உறுப்புகள் மூன்று: வாயுச் சிலிண்டர், அதைத் துளைக்கும் விசை, வாயுவைத் தாங்கும் பை. மூன்றும் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

தராசின் தீர்ப்பு

150 நியூட்டன் அங்கியில் வழக்கமாக 33 கிராம் கரியமில வாயு இருக்கும். அதன் மூலக்கூறு எடை 44. எனவே 33 கிராம் என்பது முக்கால் மோல். 25 டிகிரி செல்சியசில், வளிமண்டல அழுத்தத்தில், ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும். முக்கால் மோலுக்கு 18.4 லிட்டர். இவ்வளவு வாயு சுமார் 16 லிட்டர் பைக்குள் நுழைவதால் பை விறைப்பாக நிற்கிறது.

வாயு குறைந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அழுத்தமானியை மாட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். அது பயன்படாது. ஏன்? உங்கள் வீட்டுச் சமையல் எரிவாயுவை நினைத்துப் பாருங்கள். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. காரணம், உள்ளே இருப்பது திரவம். திரவம் மிச்சமிருக்கும் வரை அதன் மேலுள்ள தெவிட்டிய ஆவியின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது, அளவைப் பொறுத்ததன்று. கரியமில வாயுவும் சிலிண்டரில் திரவமாகவே உள்ளது. 20 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 56 மடங்குக்கும் மேல். மூன்றில் ஒரு பங்கு கசிந்து போயிருந்தாலும் அழுத்தம் அதே அளவு காட்டும்!

ஆகவே எடை போடுவதே வழி. எரிவாயு சிலிண்டரில் வெறும் எடை பொறித்திருப்பது போல, இந்தச் சிறு சிலிண்டரிலும் இருக்க வேண்டிய மொத்த எடை பொறித்திருக்கும். முதல் அங்கியின் சிலிண்டரில் பொறித்திருந்தது 146 கிராம். எங்கள் தராசு காட்டியது 135 கிராம். 11 கிராம் எங்கே? கசிந்து போய்விட்டது. மிச்சம் 22 கிராம், அதாவது அரை மோல். அது 12 லிட்டருக்குச் சற்று அதிகமான இடத்தைத்தான் அடைக்கும். 150 நியூட்டன் தர வேண்டிய அங்கி 120 நியூட்டனே தரும். விறைப்பில்லாமல் துவண்ட பை, நினைவிழந்தவரைத் திருப்பிப் போடாது.

மற்ற இரண்டு சிலிண்டர்களும் எடையில் தேறின.

"அப்போ முதலாவது போச்சா சார்?"

"சிலிண்டர் போச்சு. அங்கி போகலை. கையால திருகிக் கழற்றுகிற பொருள்தானே? புதுசு மாட்டிடலாம்."

ஈரத்தை எதிர்பார்த்து நிற்கும் விசை

அடுத்தது விசை. தானே இயங்கும் அங்கியில் ஓர் அழுத்திய சுருள்வில் இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது, நீர் பட்டால் கரையும் அல்லது வலுவிழக்கும் ஒரு சிறு வில்லை. நீரில் விழுந்தால் வில்லை இளகும், வில் விடுபடும், ஊசி பாயும்.

ஆனால் ஈரம் கடலில் மட்டுமா உள்ளது? காற்றிலும் உள்ளது. ஆண்டுக்கணக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் வில்லை, தேவையில்லாத நேரத்தில் விடக்கூடும். அதனால்தான் வில்லையின் மேல் தேதி இருக்கிறது. பொதுவாக ஆயுள் மூன்று ஆண்டு. வேறொரு வகையில், சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தின் நீரழுத்தம் பட்டால்தான் திறக்கும் வால்வு உண்டு. அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான். ஆயினும் மழையும் அலைத் தெறிப்பும் அதைத் தூண்டாமலிருக்க அது போதும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு.

எங்கள் மேசையிலிருந்த மூன்று அங்கிகளிலும் வில்லையின் தேதி கடந்துவிட்டிருந்தது. இதுவும் மாற்றக்கூடிய உறுப்பே.

பையும் ஓர் இரவும்

எஞ்சியது பை. நைலான் துணியின் மேல் பாலியூரித்தேன் பூசி, ஓரங்களைச் சூட்டால் ஒட்டிச் செய்வது அது. இதை மாற்ற முடியாது. பைதான் அங்கி.

சிலிண்டர்களைக் கழற்றிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மூன்று பைகளையும் கைப்பம்பால் விறைப்பாக உப்ப வைத்தோம். வாயால் ஊதவில்லை, மூச்சின் ஈரம் உள்ளே தங்கிவிடும். கரியமில வாயுவாலும் நிரப்பவில்லை. அது பிளாஸ்டிக் சவ்வுகளின் வழியே காற்றைவிட எளிதாக ஊடுருவும் என்பதால் சோதனைக்கு ஆகாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தால், மூன்றுமே தளர்ந்திருந்தன! மாணவர் முகம் வாடிவிட்டது.

நான் வெப்பமானியைக் காட்டினேன். மாலையில் 32 டிகிரி, அதாவது 305 கெல்வின். காலையில் 26 டிகிரி, அதாவது 299 கெல்வின். அடைபட்ட வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். எனவே அழுத்தம் 100-க்கு 2 பங்குதான் குறைந்திருக்க வேண்டும். அப்படியானால் கைக்கு ஏன் இவ்வளவு தளர்வாகத் தெரிகிறது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கைக்குத் தெரிவது உள் அழுத்தம் முழுவதும் அன்று. வெளி அழுத்தத்தைவிட அது எவ்வளவு மிகுதி என்பதே. உள் அழுத்தம் 1.10 வளிமண்டலமாக இருந்தது என்று கொள்வோம். மிகுதி 0.10. குளிர்ந்தபின் உள் அழுத்தம் 1.078, மிகுதி 0.078. மொத்தத்தில் 100-க்கு 2 பங்கு குறைந்தால், விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது! நல்ல பையைக் கெட்டது என்று தூக்கி எறிந்துவிடலாம் அல்லவா?

ஆகவே அவசரப்படாமல், வெப்பநிலை மறுபடியும் 32 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தோம். மாலையில் முதலாவதும் மூன்றாவதும் பழைய விறைப்பைப் பெற்றிருந்தன. பளபளத்த இரண்டாவது துவண்டு கிடந்தது. சோப்பு நீரைத் தடவினோம். வால்வில் குமிழி வந்திருந்தால் அதை மாற்றிவிடலாம். குமிழி வந்ததோ மடிப்பை ஒட்டிய ஓர இணைப்பில்.

"பஞ்சர் ஒட்டுற மாதிரி ஒட்டிடலாமா சார்?"

கூடாது. கைப்பம்பு மெதுவாக நிரப்புகிறது. சிலிண்டர் திறந்தாலோ, குளிர்ந்த வாயு சில நொடிகளில் பாய்ந்து மடிப்புகளை அடித்து விரிக்கும். அந்த அடியை ஒட்டு தாங்காது. ஓரிடத்தில் விட்ட இணைப்பு அடுத்த இடத்திலும் விடும்.

தேறியும் தோற்றது

மூன்றாவது அங்கி எடையில் தேறியது; பைச் சோதனையிலும் தேறியது. வில்லையை மட்டும் மாற்றினால் போதாதா?

ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பற்றுமா என்பதை உரசாமல் அறிய முடியுமா? உரசி அறிந்தபின் அந்தக் குச்சி பயன்படுமா? பையின் ஓர இணைப்பு இன்னும் எவ்வளவு வலுவாக உள்ளது என்பதும் அப்படியே. அதைக் கிழித்துத்தான் அளக்க முடியும். பெட்டியில் பூட்டி வைத்தாலும் வெப்பமும் காற்றின் ஈரமும் அதை விட்டுவிடுவதில்லை. நீராற்பகுப்பு என்னும் வேதிவினையால் பாலியூரித்தேனின் நீண்ட மூலக்கூறுத் தொடர்கள் சிறுகச் சிறுக அறுபடுகின்றன. நம் சோதனை, பை இன்று தாங்குகிறது என்று மட்டுமே சொல்லும். நாளைய அடியைத் தாங்கும் என்று சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்பவே தயாரிப்பாளர்கள் ஆயுள் வரையறை தருகிறார்கள். பலர் தருவது பத்து ஆண்டு. பதினான்கு ஆண்டு ஆன அங்கி அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

எனவே முடிவு செய்யும் முறை இதுதான்:

1. அங்கி ஆயுள் வரையறையைத் தாண்டிவிட்டதா? கழித்துவிடுக.

2. பை ஒரு நாள் முழுதும், ஒரே வெப்பநிலையில் ஒப்பிடும்போது, காற்றைப் பிடித்து வைக்கவில்லையா? கசிவு வால்வில் அல்ல, பையிலேயே உள்ளதா? கழித்துவிடுக.

3. நாடாவோ தையலோ இற்றிருக்கிறதா? கழித்துவிடுக.

4. எடை குறைந்த அல்லது துருப்பிடித்த சிலிண்டர், தேதி கடந்த வில்லை, இவை மட்டும்தான் குறையா? புதியவை மாற்றுக, செப்பனிடுக.

வீட்டில் செய்யும் சோதனை, பயிற்சி பெற்றவர் செய்யும் சர்வீசுக்கு மாற்று ஆகாது. பன்னாட்டுப் பயணம் போகும் கப்பல்களில் காற்றுப்பை அங்கிகளைப் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அவற்றின் பை இரண்டு தனி அறைகளாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஓர் அறை கைவிட்டால் மற்றது காக்கும்.

எங்கள் மேசையில் மிஞ்சியது, அவர் முதலில் கழிக்க நினைத்த வெளுத்த அங்கி ஒன்றே! அதன் நாடாவும் தையலும் உறுதியாக இருந்தன. வெயில் மேல் உறையைத்தான் தின்றிருந்தது. நீங்கள் மனத்தில் வைத்திருந்த விடை என்ன?

மாணவர் மற்ற இரண்டையும் குப்பைத் தொட்டியில் போடப் போனார். நான் அவரைத் தடுத்து, கத்தரிக்கோலைக் கொடுத்தேன். பைகளையும் நாடாக்களையும் துண்டு துண்டாக நறுக்கியபின்தான் போட்டோம். முழுதாகப் போட்டிருந்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய், நல்லதாயிற்றே என்று ஒரு குழந்தைக்கு மாட்டிவிட மாட்டார்களா?

செய்து பாருங்கள்: ஒரு பலூனை மாலையில் ஊதி, அதன் சுற்றளவை நூலால் அளந்து, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும், அதே வெப்பநிலை வரும்போதும் மீண்டும் அளங்கள். வெப்பநிலையால் குறைந்தது எவ்வளவு, கசிவால் குறைந்தது எவ்வளவு?

கணக்கு: 275 நியூட்டன் அங்கியில் 60 கிராம் சிலிண்டர் வைக்கிறார்கள். 25 டிகிரியில் அந்த வாயு எவ்வளவு இடத்தை அடைக்கும்? எத்தனை கிராம் கசிந்தால், வாயு அடைக்கும் இடம் 275 நியூட்டனுக்கு வேண்டிய கன அளவுக்குக் கீழே இறங்கிவிடும்?